பாட்டில் குடியிருப்போர்

நற்கருணை ஆசீரின்போது அந்தப் பழைய இலத்தீன் பாடலை எங்கேனும் கேட்க நேர்ந்தால், நமக்குப் புளியின் மணம் வருகிறது. நற்கருணைக்கும் புளிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். நம் பாட்டி கிணற்றடியில் அமர்ந்து, புளியும் சாம்பலும் இட்டுப் பித்தளைக் குடத்தைத் துலக்கும்போது முணுமுணுத்த பாடல் அது. 1970-களின் அக்காலத்தில் திருப்பலி தமிழுக்கு வந்துவிட்டிருந்தது. ஆயினும், சிறுமியாய் இருந்தபோது கோயிலில் கேட்டுக் கேட்டுப் பாட்டியின் நாவில் ஏறிய இலத்தீன் இறங்க மறுத்துவிட்டது. ஒரு சொல்லுக்கும் அவர் பொருள் அறியார். சொற்களும் உருமாறி, பாதி இலத்தீனாகவும் பாதி நம் ஊர்த் தமிழாகவும் ஒலிக்கும்.

பின்னாளில் குருமடத்தில் அப்பாடலின் வரலாற்றைக் கற்றோம். 1264-ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தியபோது, அவ்விழாவுக்கெனப் புனித அக்குவினாஸ் தோமா இயற்றியதாகப் போற்றப்படும் பாடலின் இறுதி இரு பாக்கள் அவை. பதம் பதமாகப் பொருள் பிரித்துத் தேர்விலும் எழுதினோம். எழுதி என்ன? இன்றும் அப்பாடல் எழும்போது நம் நினைவில் முதலில் வந்து நிற்பவர் புனித தோமா அல்லர். ஈரக் கையோடு குடத்தைக் கவிழ்த்து வைக்கும் பாட்டியே.

இது பக்திக் குறைவோ என்று நெடுநாள் ஐயுற்றோம். இறைவனைப் போற்றுவதற்கென எழுந்த பாடல் இறைவனிடம் அழைத்துச் செல்லாமல், கிணற்றடிக்கு அழைத்துச் செல்வது முறையா? இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. தம் திருமணப் பலியில் பாடிய பாடலைக் கேட்டதும், மறைந்த கணவரை எண்ணிக் கண்கலங்கும் தாய்மார் எத்தனையோ பேர், "பூசையிலே பராக்குக்கு இடங்கொடுத்துட்டேன் சாமி" என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய பாடல்கள் கிளறிவிடும் இந்நினைவுகள் வெறும் பராக்குத்தானா? திருச்சபையின் வரலாற்றில் இக்கேள்வியை 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுப்பி, தம் வாழ்வைக் கொண்டே விடையும் தேடியிருக்கிறார். அவர் புனித அகுஸ்தீனார்.

கி.பி. 386-ஆம் ஆண்டு. இத்தாலியின் மிலான் நகர். சிறுவனான பேரரசன் இரண்டாம் வாலன்தீனியனின் தாய் யுஸ்தீனா, கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்த ஆரியப் பிரிவினருக்கு ஆதரவானவர். நகரின் பேராலயம் ஒன்றை அப்பிரிவினருக்கு விட்டுத்தர வேண்டும் என்று அரண்மனை கட்டளையிட்டது. ஆயர் அம்புரோசியார் மறுத்தார். படைவீரர் ஆலயத்தைச் சூழ்ந்தனர். மக்களோ தம் ஆயரோடு உள்ளேயே தங்கி, அவரோடு சாகவும் துணிந்து, இரவும் பகலும் விழித்திருந்தனர். அவ்விழிப்பில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து மகனைத் தேடிக் கடல் கடந்து வந்திருந்த கைம்பெண் மோனிக்கா.

அச்சத்திலும் களைப்பிலும் மக்கள் சோர்ந்துவிடக் கூடாதே என்பதற்காகவே, கீழை நாட்டுத் திருச்சபைகளின் வழக்கப்படி திருப்பாடல்களையும் பாக்களையும் மக்கள் எல்லாரும் சேர்ந்து பாடும் முறை அப்போது மிலானில் தொடங்கப்பட்டது என்று அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் 9-ஆம் பகுதியில் கூறுகிறார். அம்புரோசியார் தாமே பாக்கள் இயற்றினார். நான்கு அடிகள் கொண்ட பா. அடிக்கு எட்டு அசைகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருமுறை கேட்டால் மூன்றாம் முறை பாடிவிடலாம். அவர் மக்களைப் பாட்டால் மயக்கிவிட்டார் என்று எதிரணியினர் குற்றஞ்சாட்டினர். அம்புரோசியார் அதை மறுக்கவில்லை; மூவொரு இறைவனை மக்கள் அனைவரும் நாள்தோறும் வாயார அறிக்கையிடுவதைவிட ஆற்றல் மிக்கது வேறெது என்றே மறுமொழி பகர்ந்தார். நம் திருப்பலியில் மக்கள் ஒன்றாய்ப் பாடுகின்றோமே, மேலைத் திருச்சபையில் அப்பழக்கம் வேரூன்றியதற்கு முற்றுகையிடப்பட்ட அம்மக்களின் விழிப்பிரவுகளும் ஒரு காரணம்.

அப்பாக்களுள் ஒன்று மாலைப் பாடல். அனைத்தையும் படைத்தவரை விளித்து, பகலுக்கு ஒளியும் இரவுக்கு உறக்கமும் அருளியமைக்காக நன்றி கூறி, மூவொரு இறைவனிடம் காவல் வேண்டி முடிவது. அதே 386-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும்பொருட்டு அகுஸ்தீனார் தம் தாயோடும் மகனோடும் நண்பர்களோடும் காசிச்சியாக்கும் என்னும் நாட்டுப்புறத்தில் தங்கியிருந்தார். அவருடைய பிறந்தநாளையொட்டிப் பேரின்ப வாழ்வைக் குறித்து மூன்று நாள் உரையாடல் நடந்தது. கற்றறிந்த ஆடவர் பலவாறு வாதிட்டனர். முடிவில் மகன் மூவொரு இறைவனைப் பற்றிப் பேசக் கேட்டபோது, தம் நினைவில் ஆழப் பதிந்திருந்த சொற்களை அதில் இனங்கண்டுகொண்ட தாய், அம்மாலைப் பாடலின் இறுதி அடியை மகிழ்ச்சி பொங்க எடுத்துச் சொன்னார். அவ்வுரையாடலை எழுதிய நூலில் அகுஸ்தீனாரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்றார். அந்நாள்களில் கோயிலில் எழுந்த பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் தாம் அழுததாகவும், அக்கண்ணீர் தமக்கு நலமாயிருந்ததாகவும் எழுதுகிறார். சில மாதங்களில் தாயும் மகனும் ஊர் திரும்பப் புறப்பட்டு, உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியாத் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தனர். அங்கே மோனிக்கா காய்ச்சலில் விழுந்து, ஒன்பதாம் நாள், தம் 56-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மகனுக்கு அப்போது 33-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் நிகழ்ந்ததை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தாயின் கண்களை மூடிய அகுஸ்தீனார் அழவில்லை. வாய்விட்டு அழுத சிறுவனான மகன் அதெயோதாத்துசையும் அங்கிருந்தோர் அடக்கினர். விசுவாசத்தில் இறந்தவருக்குப் புலம்பல் தகாது என்பது அவர்களது எண்ணம். நண்பர் எவோதியுஸ் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் அனைவரும் பதில் பாடினர். அடக்கத்திற்குச் சென்றார்கள், கல்லறையருகே மீட்பின் பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அப்போதும் அவர் அழவில்லை. துயரம் தணியுமென்று எண்ணிக் குளிக்கச் சென்றார், தணியவில்லை. உறங்கி எழுந்தார். படுக்கையில் தனியே கிடந்தபோது, அம்புரோசியாரின் அந்த மாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான், சிறிது சிறிதாக, தாயைப் பற்றிய பழைய நினைவுகள் திரும்பின. அடைத்து வைத்திருந்த கண்ணீரை அவர் அவிழ்த்துவிட்டார்.

அத்தனை பாக்களில் அந்தப் பாடல் ஏன் வந்தது? தம் 'அறிக்கைகள்' நூலில் அதற்கு அகுஸ்தீனார் காரணம் கூறவில்லை. ஆனால் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போருக்கு உண்மை விளங்காமல் போகாது. பத்து மாதங்களுக்கு முன் தாயின் வாயிலிருந்து வந்த பாடல் அது. தாய் மறைந்தார், தாயின் குரல் அப்பாடலில் குடியிருந்தது. மறையுரைகளும் மெய்யியலும் திருப்பாடலும்கூடத் திறக்காத கதவை, தாய் பாடிய பாட்டுத் திறந்துவிட்டது.

இத்தகையவரே பிற்காலத்தில், ஆயரானபின், பாட்டைப் பற்றி ஐயங்கொண்டார் என்பது வியப்புக்குரியது. அதே நூலின் 10-ஆம் பகுதியில், செவியின் இன்பம் தம்மை ஈர்த்து, பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மைக் கவருவதைப் பாவமென உணர்ந்து வருந்துகிறார். இனிய மெட்டுகளையெல்லாம் கோயிலிலிருந்தே அகற்றிவிட்டால் என்ன என்றும், அலெக்சாந்திரியாவின் புனித அத்தனாசியார் செய்ததுபோல் ஏறக்குறைய பேச்சாகவே திருப்பாடல்களை வாசிக்கச் சொல்வது பாதுகாப்பானதோ என்றும் தமக்குச் சில வேளை தோன்றுவதாக ஒப்புக்கொள்கிறார். பிறகு தாம் மனந்திரும்பிய தொடக்கத்தில் கோயிற்பாடல்களைக் கேட்டு வடித்த கண்ணீரை நினைத்துப் பார்க்கிறார். தயக்கத்தோடேனும், பாட்டு இருக்கட்டும் என்று முடிவு செய்கிறார். அகற்ற நினைத்த கையைத் தடுத்தது ஒரு வாதமன்று, நினைவே தடுத்தது.

11-ஆம் பகுதியில் காலம் என்பது யாதென ஆராயும்போது, அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு அதே மாலைப் பாடலின் அடிதான். நாம் நன்கறிந்த பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கும்முன், அது முழுவதும் நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பாடப் பாட, பாடிய பகுதி நினைவுக்குச் செல்கிறது. பாட்டு முடியும்போது எதிர்பார்ப்பெல்லாம் நினைவாகிவிடுகிறது. ஒரு பாட்டில் நிகழ்வதே மனிதனின் வாழ்வு முழுவதிலும், மானிடர் அனைவரின் வரலாற்றிலும் நிகழ்கிறது என்கிறார். பாடுகிறவனிடத்தில் சென்ற காலமும் வரும் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கிணற்றடிப் பாட்டியின் நினைவு பராக்கன்று, அருளின் வழிகளுள் ஒன்று என்று நமக்குத் துணிவு தந்தவை இப்பக்கங்களே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இங்கே நம்பிக்கை ஏட்டால் வளர்ந்ததைவிட நாவால் வளர்ந்ததே மிகுதி. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழி தெரிந்தவர்களைக் கூட்டி, மந்திரங்களைத் தமிழாக்கித் தாமும் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊரைச் சுற்றிச் சிறுவரையும் பெரியவரையும் அழைத்து, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்ற சிறுவர்கள் அவற்றைத் தம் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிக்க வேண்டுமெனப் பணித்ததைக் கொச்சியிலிருந்து 1544 சனவரி 15 அன்று எழுதிய மடலில் விவரிக்கிறார். அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578 அக்டோபர் 20-இல். பதினாறே பக்கங்கள். இடைப்பட்ட 36 ஆண்டுகளும், அதற்குப் பின்னும் நெடுங்காலம், எழுத்தறியாத நம் முன்னோரின் விசுவாசம் செவியிலும் நாவிலுமே வாழ்ந்தது.

கடலுக்கு அப்பால் ஈழத்திலும் அவ்வாறே. 1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687-இல் புனித யோசேப் வாஸ் மறைவாக வந்து சேரும்வரை, மந்திரங்களைத் தாயிடமிருந்து மகள் கேட்டு, மகளிடமிருந்து பேரப்பிள்ளை கேட்டு வாழ்ந்த திருச்சபை அது. 1705-இல் அங்கு வந்த கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், அம்மக்கள் தவக்காலத்தில் ஓசையோடு படிப்பதற்கென்று ஆண்டவரின் பாடுகளைப் பற்றி 'வியாகுலப் பிரசங்கம்' இயற்றித் தந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இக்கரையில் வீரமாமுனிவர், புலவர் அவைக்கென 3,615 பாக்களில் தேம்பாவணி பாடியதோடு நின்றுவிடவில்லை. பெண்கள் பாடி மகிழும் அம்மானை வடிவில் 'கித்தேரியம்மாள் அம்மானை'யும், மகனை இழந்த தாயின் துயரைப் பொருளாகக் கொண்டு 'அன்னை அழுங்கல் அந்தாதி'யும் இயற்றினார். மக்கள் எந்த மெட்டில் அழுகிறார்களோ, அந்த மெட்டில்தான் அவர்கள் ஆண்டவருக்காகவும் அழுவார்கள் என்பதை அப்பெரியோர் அறிந்திருந்தனர்.

நாம் அறிந்திருக்கவில்லை. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2007-ஆம் ஆண்டு. கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பங்குப் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அவ்வூரில் பெரிய வெள்ளி இரவு, திருச்சிலுவை ஆராதனையும் ஆசந்திப் பவனியும் முடிந்தபின், முதிய பெண்கள் பத்துப் பன்னிருவர் ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைச் சூழ்ந்து அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, மாதா தம் மகனுக்காகப் புலம்பும் பழைய பாட்டை ஒப்பாரி மெட்டில் நள்ளிரவு கடந்தும் பாடுவது வழக்கம். பாட்டு நீளமானது. 'சர்வேசுரன்' என்றும் 'திவ்விய குமாரன்' என்றும் இன்றைய இளையோருக்கு விளங்காத சொற்கள் நிறைந்தது. முதல் ஆண்டு அதைக் கேட்ட நமக்கு மனம் ஒப்பவில்லை. யோவான் நற்செய்தியில் அன்னை சிலுவையருகே நின்றுகொண்டிருந்தார். இப்பாட்டிலோ மார்பில் அறைந்துகொண்டு மண்ணில் புரள்கிறார். அன்னை நின்றதாகத்தான் நற்செய்தி சொல்கிறது, அழுததாகச் சொல்லவில்லை என்று புனித அம்புரோசியார் ஓரிடத்தில் சுட்டிக்காட்டுவதைக் குருமடத்தில் படித்திருந்தோம். அந்தப் படிப்பு கையில் இருந்தது. குருப்பட்டம் பெற்றுப் பத்தாண்டுகளும் நிறையாத வேகமும் இருந்தது. உயிர்ப்பின் நம்பிக்கையை மறைக்கும் இப்புலம்பல் வேண்டாம் என முடிவு செய்து, அடுத்த பெரிய வெள்ளிக்கு இறைவார்த்தை வாசகங்களும் பாடகர் குழுவின் புதிய பாடல்களும் கொண்ட ஒருமணிநேர வழிபாட்டை ஏற்பாடு செய்தோம்.

வழிபாடு ஒழுங்காக நடந்தது. பலரும் பாராட்டினர். அந்த முதிய பெண்கள் வந்தார்கள், ஓரமாக அமர்ந்திருந்தார்கள், முடிந்ததும் எழுந்து சென்றார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாமியார் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது.

பாஸ்கா காலம் முடியுந்தறுவாயில், அவர்களுள் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். திண்ணையின் படியிலேயே அமர்ந்துகொண்டார். மேலே வந்து அமருமாறு சொன்னோம்; வரவில்லை. சற்று நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சாமி கோவிச்சுக்கக் கூடாது. எம் மூத்த மவன் கடலுக்குப் போனவன் வரல. உடம்பும் கெடைக்கல. கல்லற கெடையாது சாமி அவனுக்கு. பெரிய வெள்ளி ராத்திரி மாதா அவுக புள்ளைக்கு அழுவாக. நானும் கூடவே எம் புள்ளைக்கு அழுதுக்குவேன். எங்க அம்மா பாடுன பாட்டு அது. வருசத்துக்கு ஒரு ராத்திரிதான். இனிமே நான் எங்க போயி அழுவேன்?"

நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. "சரி பாட்டி, அடுத்த வருசம் பாடுங்க" என்று மட்டும் சொன்னோம். அவர் கும்பிட்டுவிட்டுச் சென்றார். ஊரில் கடல் கொண்டவர் எத்தனை பேர், உடல் கரை சேராதவர் எத்தனை பேர் என்று அதன்பின்னரே விசாரித்தோம். அந்தப் பெண்களுள் பாதிப் பேருக்கு அத்தகைய ஒருவர் இருந்தார். கணவர், மகன், உடன்பிறந்தார். கல்லறைத் திருநாளில் மந்திரிக்க அவர்களுக்கு ஒரு குழிமேடும் இல்லை. அந்தப் பாட்டே கல்லறை. அன்னையின் மடியில் கிடத்தப்பட்ட திருவுடலைச் சுற்றி, கிடைக்காத உடல்களையெல்லாம் ஆண்டுதோறும் ஓர் இரவு அவர்கள் கிடத்தி வைத்திருந்தார்கள். அதைத்தான் நாம் புலம்பல் என்று பெயரிட்டு அகற்றியிருந்தோம்.

அன்று இரவு மீண்டும் 'அறிக்கைகள்' நூலை எடுத்தோம். ஓஸ்தியாவில் விசுவாசத்தின் பெயரால் ஒரு சிறுவனின் அழுகையை அடக்கினார்களே, அப்பெரியவர்களின் வரிசையில் நாமும் நிற்பது தெரிந்தது. அம்புரோசியாரின் ஒரு வாக்கியத்தை நாம் துணைக்கு அழைத்திருந்தோம்; அவருடைய பாட்டுத்தான் அகுஸ்தீனாரை அழவைத்தது என்பதை வசதியாக மறந்திருந்தோம்.

நம் அலமாரியிலேயே இருந்து நாம் புரட்டாத நூல் ஒன்றும் உண்டு. மக்களின் பக்தி முயற்சிகளையும் திருவழிபாட்டையும் குறித்து, 2001-இல் உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் அவை. பெரிய வெள்ளியன்று மரியன்னையின் புலம்பலைப் பாடும் மரபை அந்நூல் பெயர் சொல்லியே குறிப்பிட்டு மதிக்கிறது. திருவழிபாட்டோடு அதைக் கலந்துவிடாமல் காப்பது ஒன்று, அதை அழிப்பது வேறொன்று. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டும் மக்களின் சமயப் பாடல்களைப் பேணி வளர்க்க வேண்டும் என 118-ஆம் எண்ணிலும், மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என 119-ஆம் எண்ணிலும் பணிக்கிறது. திருச்சங்கத்தின் பெயரால் நாம் அகற்றியதைத் திருச்சங்கம் அகற்றச் சொல்லவில்லை.

இத்தகைய பிழை திருச்சபையில் புதிதுமன்று. சிலுவையடியில் நிற்கும் வியாகுலத் தாயைப் பற்றிய இடைக்கால இலத்தீன் பாடலை வாசகர்கள் அறிவர். 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலில், அதுவரை வழங்கிய தொடர்பாடல்களுள் நான்கு தவிர மற்றவை நீக்கப்பட்டன; இப்பாடலுக்கும் அதில் இடமில்லை. ஆயினும் மக்கள் அதைப் பாடுவதை நிறுத்தவில்லை. 1727-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் அதை மீண்டும் திருவழிபாட்டில் சேர்த்தார். 157 ஆண்டுகள் வாசலுக்கு வெளியே நின்ற பாடலை, மக்களின் நாவே உள்ளே அழைத்து வந்தது. உரோமையில் அது திரும்பிய அதே தலைமுறையில்தான் திருக்காவலூரிலும் ஈழத்திலும் அன்னையின் கண்ணீர் தமிழானது.

நம் ஊரில் ஓராண்டுதான் பாட்டு நின்றது. ஆனால் அந்த ஓராண்டுக்கும் விலை இருந்தது. அப்பாட்டை முழுவதும் மனப்பாடமாக அறிந்து, அடியெடுத்துக் கொடுத்து வந்தவர் கூட்டத்திலேயே மூத்த பெண்மணி. அடுத்த தவக்காலம் வருமுன் அவர் காலமானார். அவருடைய பேத்தி கொண்டுவந்து தந்த பழைய நோட்டுப் புத்தகத்தில் நடுவே சில தாள்கள் இல்லை. எஞ்சியவர்கள் தம் நினைவுகளைச் சேர்த்துப் பார்த்தும் அப்பகுதி தேறவில்லை. பாட்டு நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஓரிரவில் இளையோர் யாரேனும் கேட்டு எழுதியிருக்கவும் கூடும். நாம் அதற்கு இடம் தரவில்லை.

ஆதலின் இதனைப் படிக்கும் இறைமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர், நீங்கள் அறியாத பழைய பாடல் ஒன்றை முணுமுணுக்கக் கேட்டால், அது எதற்கு என்று கேளாதீர்கள். அது யார் பாடியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும் பாட்டோடு சேர்த்து எழுதி வையுங்கள். கையிலுள்ள அலைபேசியிலேனும் அக்குரலைப் பதிந்து வையுங்கள். பங்குகளில் பணியாற்றும் உடன் குருக்களிடமும் ஒன்று சொல்லத் துணிகிறோம்: ஒரு பாட்டை மாற்றுவதற்குமுன், அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். புதிய பாடல்கள் வேண்டும். அவற்றிலும் நாளை நம் பிள்ளைகளின் நினைவுகள் குடியேறும். பழையவற்றில் இருப்போரை நாம் வெளியேற்ற வேண்டியதில்லை.

மாற்றலாகி வந்தபின், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளி இரவில் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். திண்ணையில் அமர்ந்து பேசிய பாட்டி அப்போது இல்லை. அவர் இருந்த இடத்தில் அவருடைய மருமகள் அமர்ந்திருந்தார். இளம்பெண்கள் சிலரும் கூட இருந்தனர். நாம் கோயிலின் பின்புறம் நின்று கேட்டோம். தாள்கள் இல்லாத அந்த இடம் வந்ததும், பாட்டு நின்றது. அவர்கள் அங்கே வேறு எதையும் இட்டு நிரப்பவில்லை. சற்று நேரம் எல்லாரும் பேசாதிருந்தார்கள். அவரவர் தம்முடையவரின் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்வதே அங்கு வழக்கமாகியிருக்கிறது என்று பின்னர் அறிந்தோம். அந்த அமைதியில் வெளியே கடல் இரைவது கேட்டது. பிறகு ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மாதாவின் பாட்டு மீண்டும் தொடர்ந்தது.